சனிக்கிழமை வகுப்பும் போயா விடுமுறையும்: கூகுள் கலண்டர் ஏபிஐ, தொடங்குபவர்களுக்கு

வெள்ளவத்தையில் ஒரு தனியார் வகுப்பு நிலையம் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை பிற்பகல் 3.30க்கு உயர்தர இரசாயனவியல். நேர அட்டவணை ஒரு எக்செல் தாளில் இருக்கிறது. யாரோ அதைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை, குறுக்கிட்டால் இன்னொரு படம். இரண்டு மாதத்தில் எந்தப் படம் புதியது, எது பழையது என்று யாருக்கும் தெரியாது. அட்டவணையில் ஒரு இடத்தில் மாற்றினால் மாணவர்களின் கைத்தொலைபேசிக் கலண்டரில் தானாகவே மாற வேண்டும் என்றால், அந்த வேலைக்கு உரியது கூகுள் கலண்டர் ஏபிஐ.

ஏபிஐ என்பது பெரிய மர்மம் இல்லை. கலண்டரைத் திறந்து, நாளைத் தொட்டு, தலைப்பும் நேரமும் போட்டு நாம் சேமிக்கிறோம் அல்லவா? அதே வேலையை நம் நிரல் வந்து செய்வதற்குக் கூகுள் திறந்துவைத்திருக்கும் பக்கவாசல் அது. நிரல் ஒரு இணைய முகவரிக்குக் கோரிக்கை அனுப்பும். பதில் ஜேசன் என்ற உரை வடிவில் வரும். இப்போது பாவனையில் இருப்பது 2011 இல் வந்த மூன்றாம் பதிப்பு. அதற்கு முந்திய பதிப்புகள் 2014 நவம்பரில் மூடப்பட்டுவிட்டன. ஆகவே இணையத்தில் தேடும்போது எக்ஸ்எம்எல் பதிலைக் காட்டும் பழைய பாடம் ஏதும் அகப்பட்டால் வாசிக்காமலே கடந்துவிடுங்கள். ஏபிஐக்குத் தனிக் கட்டணம் கிடையாது. கடன் அட்டை கொடுக்காமலே தொடங்கலாம்.

கட்டளைகள் கொஞ்சம்தான்: பட்டியல் எடு, ஒன்றை எடு, சேர், மாற்று, அழி. ஒரு பிற்பகலில் படித்துவிடலாம். புதியவர்கள் நாட்கணக்கில் மாட்டிக்கொள்வது இரண்டு இடத்தில்: அனுமதி, நேரம். இந்தக் கட்டுரையும் பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றியதுதான்.

ஒரு குறிப்பு. ஏபிஐயின் சொற்களை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறோம். நிரலில் எழுதும்போது கூகுளின் ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டலையே, பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட, அப்படியே பாவியுங்கள். 'டேட்டைம்' என்பதன் நடுவில் வரும் டி பெரிய எழுத்து. அதைச் சின்னதாக எழுதிவிட்டு 400 பிழையை (கோரிக்கை சரியில்லை என்ற பதில்) மணிக்கணக்கில் முறைத்துப் பார்ப்பவர்கள் உண்டு.

எதெல்லாம் உள்ளே இருக்கிறது

'கலண்டர்' என்பது ஒரு தனிப் புத்தகம். உங்கள் கணக்கோடு பிறந்த முதல் கலண்டரை 'பிரைமரி' என்ற பெயரால் அழைக்கலாம். பிறகு நீங்கள் உருவாக்குபவற்றுக்கு நீளமான ஓர் அடையாளம் இருக்கும். 'கலண்டர் லிஸ்ட்' என்பது உங்கள் பக்கப்பட்டியில் தெரியும் கலண்டர்களின் வரிசை. 'ஈவண்ட்' என்பது ஒரு நிகழ்வு. யார் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பது 'ஏசிஎல்'. தொடங்குபவருக்கு முக்கியம் ஈவண்ட் மட்டும்.

பரிசோதனைக்குச் சொந்தப் பிரைமரி கலண்டரைத் தொடாதீர்கள். கணினி உலாவியில் கலண்டரைத் திறந்து, 'சோதனை' என்று புதிதாக ஒன்றை உருவாக்குங்கள். அதன் அமைப்புகளில் 'இன்டகிரேட் கலண்டர்' என்ற பகுதியில் கலண்டர் ஐடி இருக்கும். அதைப் பிரதி எடுத்து வையுங்கள். நிரல் தவறிப்போய் முந்நூறு நிகழ்வுகளைக் கொட்டினாலும் கலண்டரையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

அனுமதி

மிகச் சுலபமான முதல் பயிற்சி இலங்கை விடுமுறைகளைப் படிப்பது. அது எல்லோருக்கும் திறந்த கலண்டர் என்பதால் வெறும் ஏபிஐ சாவி போதும். யாரும் உள்நுழையத் தேவையில்லை. கூகுள் கிளவுட் கொன்சோல் என்ற இணையத்தளத்தில் ஒரு புரொஜெக்ட் உருவாக்கி, ஏபிஐ நூலகத்தில் கலண்டர் ஏபிஐயைத் தேடி 'எனேபிள்' பொத்தானை அழுத்தி, 'கிரெடென்ஷியல்ஸ்' பக்கத்தில் சாவியை எடுங்கள். 'எனேபிள்' செய்ய மறந்தால் 403 (அனுமதி இல்லை) வரும். அந்தப் பிழைச் செய்தியிலேயே எந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும் என்ற இணைப்பும் இருக்கும். வாசிக்கிறவர்கள்தான் குறைவு.

விடுமுறைக் கலண்டரின் ஐடிக்கு நடுவில் # குறி இருக்கும். முகவரியில் # வந்தால் அதற்குப் பின்னால் உள்ளதை உலாவி சர்வருக்கு அனுப்பவே மாட்டாது. ஆகவே அதை %23 என்று மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஐடி பாதியில் வெட்டுப்பட்டு, சரியான கலண்டரைக் கொடுத்தும் 'இல்லை' என்றே பதில் வரும். கூகுளின் அதிகாரபூர்வ லைப்ரரிகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்ளும். முகவரியைக் கையால் கட்டுபவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

அடுத்தது தனிப்பட்ட கலண்டர். இங்கே சாவி செல்லாது; ஓஆத் வேண்டும். ஓஆத்தின் எண்ணம் இதுதான்: உங்கள் கடவுச்சொல்லை நிரலுக்குக் கொடுக்காமல், 'இந்த நிரல் என் கலண்டரை மட்டும், இந்த அளவுக்கு மட்டும் தொடலாம்' என்று கூகுளிடம் நேரே சொல்வது. அந்த அளவுக்குப் பெயர் 'ஸ்கோப்'. படிக்க மட்டும் ஒன்று, நிகழ்வுகளை எழுத ஒன்று, எல்லாவற்றுக்கும் ஒன்று என்று இருக்கின்றன. தேவையானதில் சிறியதைக் கேளுங்கள்.

கொன்சோலில் 'கூகுள் ஆத் பிளாட்ஃபோர்ம்' பகுதிக்குப் போய்ச் செயலியின் பெயரும் மின்னஞ்சலும் கொடுங்கள். பாவனையாளர் வகை கேட்கும்: சாதாரண ஜிமெயில் என்றால் 'எக்ஸ்டர்னல்'. அடுத்து 'ஓடியன்ஸ்' பக்கத்தில் 'டெஸ்ட் யூசர்ஸ்' பட்டியலில் உங்கள் சொந்த ஜிமெயிலையும் சேருங்கள். புரொஜெக்டின் சொந்தக்காரர்தானே என்று விட்டுவிட்டால் 'அக்சஸ் டினைட்' என்று 403 காட்டி வாசலிலேயே நிறுத்தும். பிறகு 'கிளையண்ட்ஸ்' பக்கத்தில் புதிய கிளையண்ட். கணினியில் ஓடும் பைதான் நிரலுக்கு வகை 'டெஸ்க்டொப் ஆப்'. தவறுதலாக 'வெப்' என்று தேர்ந்தால், உள்நுழையும்போது திரும்பிவரும் முகவரி பொருந்தவில்லை என்று 400 பிழை வரும். உருவாக்கிய உடனேயே ஜேசன் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதை கிட்ஹப் போன்ற, நிரலைப் பகிரும் தளத்தில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்றக்கூடாதவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் அதன் பெயரைச் சேர்ப்பது முதல் வேலையாக இருக்கட்டும்.

பைதானில் மூன்று பொதிகளை பிப் என்ற நிறுவும் கருவி வழியாக நிறுவ வேண்டும்: கூகுள்-ஏபிஐ-பைதான்-கிளையண்ட், கூகுள்-ஆத்-எச்டிடிபிலிப்2, கூகுள்-ஆத்-ஓஆத்லிப். கூகுளின் தொடக்கப் பாடத்தில் உள்ள மாதிரி நிரலை முதல் முறை ஓட்டும்போது உலாவி திறக்கும், சம்மதம் கேட்கும், பிறகு 'டோக்கன்.ஜேசன்' என்ற கோப்பு தோன்றும். அதில் இரண்டு டோக்கன்கள், அதாவது அனுமதிச் சீட்டுகள், இருக்கின்றன. ஒன்று 'அக்சஸ் டோக்கன்', சுமார் ஒரு மணி நேரம் செல்லுபடியாகும். மற்றது 'ரிஃப்ரெஷ் டோக்கன்', முதலாவது காலாவதியானதும் புதியதை வாங்கித்தரும். பின்னால் ஸ்கோப்பை மாற்றினால் இந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். நிரலில் ஸ்கோப்பைக் கூட்டிவிட்டுப் பழைய டோக்கனோடு ஓட்டினால், அனுமதி போதாது என்று 403 வந்துகொண்டே இருக்கும்.

இனி, அதிகம் பேரைக் குழப்பும் ஒன்று. செயலி 'டெஸ்டிங்' நிலையில் இருக்கும்வரை ரிஃப்ரெஷ் டோக்கனின் ஆயுள் 7 நாள்தான். இந்தச் சனிக்கிழமை அழகாக ஓடிய நிரல் அடுத்த சனிக்கிழமை 'இன்வலிட் கிராண்ட்' என்று நிற்கும். நிரலில் ஒரு எழுத்தும் மாறியிருக்காது. தீர்வு, 'ஓடியன்ஸ்' பக்கத்தில் 'பப்ளிஷ் ஆப்' அழுத்தி 'புரொடக்ஷன்' நிலைக்கு மாற்றிவிட்டு, மறுபடி ஒருமுறை உள்நுழைவது. 'கூகுள் இந்தச் செயலியைச் சரிபார்க்கவில்லை' என்று எச்சரிக்கை வரும். உங்கள் சொந்த நிரல், சொந்தக் கணக்கு என்றால் 'அட்வான்ஸ்ட்' வழியாகக் கடந்துபோகலாம். பொதுமக்களுக்குக் கொடுக்கும் செயலி என்றால் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்தே ஆக வேண்டும். சரிபார்க்காத செயலிக்கு 100 பேர்தான் எல்லை.

யாரும் உள்நுழையாமல், சர்வரில் தானாக இரவு முழுக்க ஓட வேண்டிய நிரலுக்கு 'சர்வீஸ் அக்கவுண்ட்' பொருத்தம். அது ஒரு ஆளில்லாத கணக்கு. தனக்கென்று ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கும். வகுப்பு நிலையத்தின் கலண்டர் அமைப்புகளுக்குப் போய், அந்த முகவரியோடு 'நிகழ்வுகளைத் திருத்தலாம்' என்ற உரிமையில் பகிர வேண்டும். பகிராவிட்டால் 404 (அப்படி ஒன்று இல்லை). பகிர்ந்த பின்பும் நிரலில் 'பிரைமரி' என்று எழுதினால் வேலை நடக்கும், பிழையும் வராது. நிகழ்வு மட்டும் எங்கேயும் தெரியாது. ஏனென்றால் இங்கே 'பிரைமரி' என்பது அந்த ஆளில்லாக் கணக்கின் சொந்தக் கலண்டர். நிலையத்துக் கலண்டரின் ஐடியைத்தான் கொடுக்க வேண்டும். இன்னொன்று: சாதாரண ஜிமெயில் சூழலில் சர்வீஸ் அக்கவுண்ட் யாரையும் நிகழ்வுக்கு அழைக்க முடியாது. அதற்கு வேர்க்ஸ்பேஸ் என்ற நிறுவனக் கணக்கின் நிர்வாகி கொடுக்கும் தனி அதிகாரம் வேண்டும்.

அட்டவணை ஏற்கெனவே கூகுள் ஷீட்ஸில் இருக்கிறது, ஒரே கணக்குத்தான் என்றால், இவ்வளவும் தேவையா என்று யோசியுங்கள். 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' என்று ஷீட்டுக்குள்ளேயே ஒரு வசதி இருக்கிறது. கொன்சோல் வேலை எதுவும் இல்லாமல் இருபது வரியில் முடிந்துவிடும். எங்கள் கணிப்பில் சிறு நிலையங்களில் பாதிக்கு அதுவே போதும்.

நேரம்

ஒரு நிகழ்வுக்கு ஆகக் குறைந்தது இரண்டு புலங்கள் வேண்டும்: 'ஸ்டார்ட்', 'எண்ட்'. தலைப்பு, 'சம்மரி', கூடக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு நேரத்தையும் இரண்டு விதமாகச் சொல்லலாம். நாள் முழுவதுக்குமான நிகழ்வு என்றால் 'டேட்'. மணி நேரத்தோடு என்றால் 'டேட்டைம்'. ஸ்டார்ட்டில் ஒன்றும் எண்டில் மற்றதும் என்று கலக்க முடியாது.

முழுநாள் நிகழ்வில் முடியும் நாள் கணக்கில் சேராது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறை ஏப்ரல் 13, 14 என்றால் ஸ்டார்ட் 2026-04-13, எண்ட் 2026-04-15. எண்டில் 14 என்று போட்டால் 13 மட்டும்தான் கலண்டரில் தெரியும். புத்தாண்டன்று வகுப்பு இருக்கிறது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். நம் பேச்சில் '13 முதல் 14 வரை' என்றால் 14ம் உள்ளே. ஏபிஐக்கு 'வரை' என்பது வாசற்படி. அதைத் தொட்டதும் நிகழ்வு முடிந்துவிடும்.

மணி நேரத்தோடு எழுதும்போது வடிவம் இப்படி: 2026-01-10, இடைவெளி இல்லாமல் ஆங்கில டி எழுத்து, பிறகு 15:30:00, கடைசியில் +05:30. அந்தக் கடைசித் துண்டு, உலகப் பொது நேரமான யூடிசிக்கு நாம் ஐந்தரை மணி முன்னால் என்பதைச் சொல்கிறது. அதை எழுதாமல், பக்கத்தில் 'டைம்ஸோன்' புலத்தில் 'ஏசியா/கொலம்போ' என்று கொடுத்தாலும் சரி. இரண்டில் ஒன்று கட்டாயம். திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுக்கு டைம்ஸோன் கண்டிப்பாக வேண்டும்.

இரண்டும் ஒன்றுதானே, ஏன் பெயரை விரும்ப வேண்டும்? கொழும்பில் வளர்ந்தவர்களுக்குப் பதில் நினைவில் இருக்கும். 1996 மே 25 அன்று, மின்சார நெருக்கடிக் காலத்தில், நம் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டு +06:30 ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணி குறைந்து +06:00. 2006 ஏப்ரல் 15 இல்தான் மறுபடி +05:30. 'புது நேரமா பழைய நேரமா' என்று கேட்டுக்கொண்டே திரிந்த காலம் அது. +05:30 என்பது வெறும் ஓர் எண். 'ஏசியா/கொலம்போ' என்ற பெயருக்குப் பின்னால் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது. நாளைக்கு இன்னொரு மாற்றம் வந்தாலும் அந்தப் பெயரோடு சேர்ந்துவரும்.

வெளிநாட்டு மாணவர்கள் இருந்தால் இது இன்றைக்கே உதவும். கொழும்பில் சனி இரவு 7.30க்கு இணையவழி வகுப்பு. ரொறன்ரோவில் குளிர்காலத்தில் அது காலை 9 மணி. 2026 மார்ச் 8 அன்று அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளிய பின் காலை 10 மணி. டைம்ஸோனைக் கொழும்பு என்று கொடுத்திருந்தால் நமக்கு 7.30 அசையாது, அங்குள்ள பிள்ளையின் கைத்தொலைபேசி தானாகவே 10 என்று காட்டும். நிகழ்வை ரொறன்ரோ நேரத்தில் போட்டிருந்தால், ஒரு சனிக்கிழமை ஆசிரியர் ஒரு மணி நேரம் பிந்திவிடுவார்.

அடுத்த பொறி, சர்வர். வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்களின் கடிகாரம் வழக்கமாக யூடிசியில்தான் ஓடும். 'இன்றைய நிகழ்வுகளை எடு' என்று எழுதி, சர்வரின் நாளை அப்படியே பாவித்தால், 'இன்று' என்பது கொழும்பில் காலை 5.30க்குத்தான் தொடங்கும். பிற்பகல் வகுப்புகளைச் சோதிக்கும்போது இது வெளியே தெரியவே தெரியாது. மார்கழியில் ஒரு கோயிலின் திருவெம்பாவைப் பூசையை அதிகாலை 4.30க்குப் போட்டுப் பாருங்கள்: அது முதல் நாள் பட்டியலில் போய் நிற்கும். கொழும்பு நள்ளிரவு என்பது யூடிசியில் முதல் நாள் மாலை 6.30. நாளின் எல்லையை எப்போதும் ஏசியா/கொலம்போவில் கணக்கிட்டு, பிறகு அனுப்புங்கள். பைதானில் 'ஸோன்இன்ஃபோ' இதற்குப் போதும். விண்டோஸ் கணினி என்றால் 'டிஇசட்டேட்டா' பொதியையும் நிறுவ வேண்டியிருக்கும்.

முகவரியைக் கையால் கட்டுபவர்களுக்கு மறுபடியும் ஒரு சொல்: +05:30 இல் உள்ள கூட்டல் குறி முகவரிக்குள் போனால் இடைவெளியாக மாறிவிடும். %2பி என்று எழுதுங்கள், அந்த பி ஆங்கிலப் பெரிய எழுத்து. இல்லையென்றால் 400.

ஒவ்வொரு சனியும், போயா தவிர

பதினேழு சனிக்கிழமைக்குப் பதினேழு நிகழ்வு போடத் தேவையில்லை. 'ரிகரன்ஸ்' என்ற புலத்தில் ஒரு விதி கொடுத்தால் போதும். விதியின் பெயர் 'ஆர்ரூல்'. கலண்டர்களுக்கான பொது வடிவமான ஐகலண்டர் தரத்திலிருந்து வந்தது. அதில் மூன்று துண்டுகள்: 'ஃப்ரீக்' என்பதில் வாரந்தோறும், 'பைடே' என்பதில் சனி, 'கவுண்ட்' என்பதில் 17. முதல் வகுப்பு 2025 டிசம்பர் 6 என்றால் கடைசி 2026 மார்ச் 28.

எண்ணிக்கைக்குப் பதில் கடைசித் தேதியைக் கொடுக்க 'அன்டில்'. இதை யூடிசியில் எழுத வேண்டும். மார்ச் 28 வகுப்பு உள்ளே வர வேண்டும் என்று நினைத்து, அன்றைய தேதியோடு 000000 என்று நேரம் போட்டால், அது கொழும்பில் மார்ச் 28 காலை 5.30. பிற்பகல் 3.30 வகுப்பு அதற்குப் பின்னால் இருப்பதால் கழன்றுவிடும். 100000 என்று போடுங்கள், நமது 3.30 யூடிசியில் சரியாக 10 மணி.

போயாவை விதியாக எழுத முடியாது. அது சந்திரனைப் பார்த்து நடக்கிறது. ஆர்ரூலுக்குத் தெரிந்தது வாரமும் மாதமும்தான். ஆகவே விதியைப் போட்டுவிட்டு, விலக்க வேண்டிய நாட்களை 'எக்ஸ்டேட்' வரியில் தர வேண்டும். 2026 ஜனவரி 3, துருத்துப் போயா, ஒரு சனிக்கிழமை. எக்ஸ்டேட்டில் தேதியை மட்டும் கொடுத்தால் எதுவும் நடக்காது; நிகழ்வு தொடங்கும் நேரம் 153000 என்பதையும், நேர வலயம் கொழும்பு என்பதையும் சேர்த்து, நிகழ்வோடு நொடி பிசகாமல் பொருந்தும்படி எழுத வேண்டும். விலக்கிய நாளும் கவுண்ட் கணக்கில் சேரும் என்பதையும் பாருங்கள்: 17 என்று போட்டு ஒன்றை விலக்கினால் நடப்பது 16 வகுப்பு. கட்டணம் வாங்குபவர்கள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கலாம்.

முதல் பயிற்சியில் எடுத்த விடுமுறைக் கலண்டர் இங்கே கைகொடுக்கும். அதில் தலைப்பில் போயா என்ற சொல் உள்ள நிகழ்வுகளைப் பொறுக்கி, சனிக்கிழமையில் விழுபவற்றை எக்ஸ்டேட்டாக மாற்றுவது பத்து வரி நிரல். ஆனால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்தக் கலண்டரில் பொது விடுமுறை அல்லாத விசேட நாட்களும் கலந்திருக்கும். பிறை பார்த்து முடிவாகும் நாட்கள் கடைசி நேரத்தில் ஒரு நாள் தள்ளிப்போகும். இறுதிச் சொல் அரசின் விடுமுறைப் பட்டியல்தான்.

படிக்கும்போது

'ஈவண்ட்ஸ் லிஸ்ட்' என்று கேட்டால் தொடர் நிகழ்வு ஒரே பதிவாகத்தான் வரும், அதுவும் டிசம்பர் 6 என்ற முதல் தேதியோடு. ஒவ்வொரு சனியும் தனித்தனியாக வேண்டுமென்றால் 'சிங்கிள்ஈவண்ட்ஸ்' என்பதை உண்மை என்று கொடுங்கள். நேர வரிசையில் கேட்கும் 'ஓர்டர்பை ஸ்டார்ட்டைம்' அதோடு சேர்த்துக் கொடுத்தால் மட்டுமே வேலை செய்யும். எப்போதிலிருந்து, எதுவரை என்று சொல்லும் 'டைம்மின்', 'டைம்மேக்ஸ்' இரண்டையும் எப்போதும் கொடுங்கள். முடிவு தேதி இல்லாத தொடர் ஒன்று இருந்தால் பட்டியல் எங்கேயோ போகும். டைம்மின் பார்ப்பது நிகழ்வு முடியும் நேரத்தை. ஆகவே 4 மணி முதல் என்று கேட்டாலும், 3.30க்குத் தொடங்கி இன்னும் நடந்துகொண்டிருக்கும் வகுப்பு பட்டியலில் வரும். அது பிழை இல்லை.

ஒரு பக்கத்துக்கு இயல்பாக 250 நிகழ்வு, அதிகபட்சம் 2500. மிச்சம் இருந்தால் பதிலில் 'நெக்ஸ்ட்பேஜ்டோக்கன்' வரும்; அது வராத பக்கம்வரை கேட்டுக்கொண்டே போங்கள். முதல் பக்கத்தோடு நிறுத்திய நிரல் சின்னக் கலண்டரில் பல மாதம் சரியாகவே ஓடும்.

இரட்டிப்பும் அழைப்பிதழும்

கொழும்பில் இணையம் நடுவில் அறுந்துபோவது புதினம் இல்லை. நிகழ்வைச் சேர்க்கும் 'இன்சர்ட்' கட்டளையை அனுப்பினீர்கள், பதில் வரவில்லை. நிரல் மறுபடி அனுப்புகிறது. முதல் கோரிக்கை உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தால் இப்போது இரண்டு வகுப்பு. இதைத் தடுக்க நிகழ்வின் ஐடியை நீங்களே கொடுக்கலாம். இரண்டாம் முறை போகும்போது, ஏற்கெனவே இருக்கிறது என்று 409 வரும். அதை வெற்றி என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஐடிக்கு விதி உண்டு: 0 முதல் 9 வரை எண்கள், ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஏ முதல் வி வரை மட்டும்; நீளம் 5 முதல் 1024 வரை. டபிள்யூ, எக்ஸ், வை, இசட் நான்கும் செல்லாது. ஆகவே வெள்ளவத்தை என்று ஆங்கிலத்தில் தொடங்கினாலும் 400, போயா என்று எழுதினாலும் 400. அழித்த நிகழ்வின் ஐடியும் திரும்பக் கிடைக்காது. அழித்தது உள்ளே 'கேன்சல்ட்' என்ற நிலையில் கிடக்கும். அதே ஐடியோடு மறுபடி இன்சர்ட் செய்தால் 409தான்.

மாற்றுவதற்கு 'அப்டேட்', 'பேட்ச்' என்று இரண்டு. அப்டேட் பழையதை எடுத்துவிட்டு நீங்கள் அனுப்பியதை வைக்கும். ஸ்டார்ட், எண்டோடு இடத்தை மட்டும் அனுப்பினால் விளக்கக் குறிப்பு போய்விடும். பேட்ச் சொன்ன புலத்தை மட்டும் தொடும். ஆனால் பட்டியலாக உள்ள புலங்களை அதுவும் முழுதாக மாற்றும். ஒரு மாணவரைச் சேர்க்க நினைத்து அவர் பெயரை மட்டும் பேட்ச் செய்தால் மற்ற எல்லோரும் கழன்றுவிடுவார்கள்.

உண்மையில் மாணவர்களை 'அட்டெண்டீஸ்', அதாவது அழைக்கப்பட்டவர்கள், என்று சேர்ப்பதே வகுப்பு நிலையத்துக்குச் சரியான வழி இல்லை. ஒரு நிகழ்வுக்கு 200 பேர்தான் பொதுவான எல்லை. ஒருவர் மின்னஞ்சல் மற்றவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். 'செண்ட்அப்டேட்ஸ்' என்பதை 'ஓல்' என்று வைத்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். சோதிக்கும் நாளில் ஒரு மாணவருக்கு நாற்பது மின்னஞ்சல் போய்விடும். கலண்டரையே படிக்கும் உரிமையோடு பகிர்ந்து, இணைப்பை வட்ஸ்அப் குழுவில் ஒருமுறை போட்டுவிடுவது நல்லது. சேருபவர் சேரட்டும்.

மாறியதை மட்டும் எடுப்பது

பட்டியலைக் கடைசிப் பக்கம்வரை எடுத்தால் முடிவில் 'நெக்ஸ்ட்சிங்க்டோக்கன்' கிடைக்கும். அதைச் சேமித்து அடுத்த முறை கொடுத்தால், அன்றிலிருந்து மாறியவை மட்டும் வரும். அழிக்கப்பட்டவை கேன்சல்ட் என்ற குறியோடு வரும். சிங்க்டோக்கனோடு டைம்மின், ஓர்டர்பை போன்றவற்றைச் சேர்க்க முடியாது. சில வேளை 410 வரும். டோக்கன் செல்லாது என்று பொருள். சேமித்ததை அழித்துவிட்டு முழுப் பட்டியலையும் மறுபடி எடுக்க வேண்டும். அந்த ஒரு கிளையை நிரலில் முதலிலேயே எழுதிவிடுங்கள். 403 அல்லது 429 இல் வேகம் அதிகம் என்று வந்தால் 1, 2, 4, 8 நொடி என்று இடைவெளியை இரட்டித்து, சிறிது தற்செயல் நேரமும் கூட்டி, மறுபடி கேளுங்கள். நள்ளிரவு 12க்கு எல்லா வேலையையும் ஒரே நொடியில் தொடங்கவைக்கும் பழக்கமும் இந்தப் பிழையை அழைத்துவரும்.

கூகுளே நம் சர்வரைத் தட்டிச் சொல்லும் வசதியும் உண்டு. 'வாட்ச்' என்று பெயர். அதற்குச் செல்லுபடியான சான்றிதழோடு எச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும். தட்டும்போது 'ஏதோ மாறியது' என்று மட்டும்தான் சொல்லும், என்ன மாறியது என்பதை நாமே சிங்க்டோக்கனால் கேட்க வேண்டும். அந்தத் தொடர்புக்கு ஆயுளும் உண்டு. தானாகப் புதுப்பிக்காது, முடிந்ததும் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஒரு வகுப்பு நிலையத்துக்குப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிங்க்டோக்கனோடு கேட்பதே தாராளம். வாட்ச்தான் வேண்டும் என்றால், முடியும் நாளுக்கு முதல் நாள் புதிய தொடர்பைத் தொடங்கும்படி நிரலில் எழுதிவிட்டு, உங்களுக்கே ஒரு நினைவூட்டலையும் போட்டுவையுங்கள், அதே கலண்டரில்.